தோற்ற பாட்டுகளை ஆட வைத்தவர்களுக்கு

வாசலில் கையில் முத்திரை குத்தி உள்ளே அனுப்பிய அம்மாவுக்கும், மேடையில் ரெக்கார்டு போட்ட ஐயாவுக்கும்,



அமெரிக்காவில் வாங்க ஆளில்லாமல் கிடங்கில் தூசி படிந்து கிடந்த பாட்டுகளை, அறுபது வருஷம் கழித்தும் நீங்கள் விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதுவும் ஊர்ச் சங்கக் கட்டடத்தின் மாடி ஹாலில், மாதம் ஒரு சனிக்கிழமை, வாசலில் ஐந்து பவுண்டு வாங்கிக்கொண்டு. ஹால் வாடகையும் ஸ்பீக்கர் செலவும் போக அதில் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். பொங்கல் விழாவுக்கு அதே மாதிரி ஹால் பிடித்துக் கணக்கு எழுதியவள் நான். ஒன்றும் மிஞ்சாது. சில மாதம் கையை விட்டும் போகும். அப்படியும் நடத்துகிறீர்கள் என்பதற்குத்தான் முதல் நன்றி.

நான் போல்ட்டன் பக்கம் ஒரு மருத்துவமனையில், எலும்பு மூட்டு வார்டில் நர்ஸ். பிறந்த ஊர் கோவில்பட்டி. நான் வந்த அன்றைக்கு உங்கள் ஹாலில் ஆடியவர்களில் சிலருக்குப் புது முழங்கால் வைத்த மறுநாள் நடை பழக்கியதில் எனக்கும் பங்கு உண்டு. யார் யார் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். இந்த மடலை உங்களுக்கு நானே நேரில் ஆங்கிலத்தில் படித்துக் காட்டிவிடுவேன். தமிழில் எழுதுவது எங்கள் ஆட்களுக்காக. இந்தப் பக்கத்து ஊர்களில் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறோம். மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் பேர் எல்லாம் தெரியும், டிரஃபோர்ட் சென்டரில் எந்தக் கடை எந்த மாடி என்று தெரியும். குடியிருக்கிற தெருவின் முனையில் நிற்கும் சங்கக் கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் எட்டிப் பார்த்ததில்லை. வயசான ஆண்கள் பீர் குடிக்கும் இடம் என்று ஒரு நினைப்பு. பஞ்சாலைக்காரர்களும் சுரங்கக்காரர்களும் சந்தா போட்டுத் தங்களுக்கென்று நடத்திய மன்றங்கள் இவை. ஆலையும் சுரங்கமும் மூடிவிட்டன. மன்றங்களில் மிச்சம் இருப்பவை பிங்கோ, கல்யாண விருந்து, துக்க வீட்டுத் தேநீர் என்று நாளை ஓட்டுகின்றன. உங்கள் சோல் இசை ராத்திரியும் அந்த வரிசையில் ஒன்று.

என் வார்டுத் தோழி இழுத்துக்கொண்டு வந்ததால்தான் வந்தேன். மாடி ஏறினால் சுவரில் பிங்கோ எண் பலகை, மேடைக்குப் பின்னால் ஜிகினா திரை, சுற்றிலும் பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட மேஜைகள். நடுவில் மட்டும் வெறும் மரத்தரை. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு தாத்தா, பேன்ட் பையிலிருந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்தார். தரையில் கோலப்பொடி போல ஒரு சுற்றுத் தூவினார். தோல் அடி வைத்த செருப்பை, மன்னிக்கவும், ஷூவை, அதன்மேல் இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்த்தார். தலையாட்டிவிட்டு டப்பாவை மறுபடி பையில் போட்டுக்கொண்டார். மூட்டு வார்டில் வேலை பார்க்கிறவளுக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஈரத் தரைக்கு மஞ்சள் பலகை வைக்கிற தொழில் என்னுடையது. நீங்களோ தரையை வேண்டுமென்றே வழுக்க வைக்கிறீர்கள்.

ஏன் என்று பாட்டு தொடங்கியதும் புரிந்தது. பாதம் தரையை விட்டு எழும்பாமல் பக்கவாட்டில் சறுக்கிச் சறுக்கிப் போகிறது. ரப்பர் அடியில் அது நடக்காது. இடுப்புக்கு மேலே உடம்பு ஏறக்குறைய அசையாமல், தோள் தளர்ந்து, முகத்தில் பரீட்சை எழுதுகிறவரின் கவனம். ஜோடி கிடையாது. யாரும் யாரையும் பார்த்து ஆடவில்லை. கணவன் மனைவி இரண்டு பேரும் அடுத்தடுத்து நின்று தனித்தனியாக ஆடினார்கள். திடீரென்று ஒருவர் பம்பரமாய்ச் சுழல்வார். ஒருவர் பின்பக்கமாய்ச் சரிந்து கையை ஊன்றி, தாளம் தப்பாமல் எழுந்து அதே இடத்தில் நிற்பார். பெண்களின் வட்டப் பாவாடை விரிந்து அடங்கும். பாட்டில் ஒரு குறிப்பிட்ட இடம் வரும். ஹால் முழுக்க ஒரே ஒரு கைத்தட்டல், சொல்லி வைத்த மாதிரி. அடுத்த நொடி எல்லாரும் அவரவர் ஆட்டத்துக்குத் திரும்பிவிடுவார்கள். கச்சேரியில் சமத்துக்கு ஒன்றாகத் தொடையில் விழும் கைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் அங்கே ரசிகர் உட்கார்ந்திருப்பார். இங்கே அறுபத்தைந்து, எழுபது வயசுக்காரர்கள் வேர்த்து ஒழுகிக்கொண்டு ஒரே கணத்தில் தட்டுகிறீர்கள்.

ஐயா, உங்கள் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழு அங்குல ரெக்கார்டுகள், நடுவில் பெரிய துளை, காகித உறை, உறையின் மூலையில் பென்சிலில் பொடி எழுத்து. ஒவ்வொன்றும் இரண்டரை நிமிஷம் ஓடும். ஊசி வைத்த கையோடு அடுத்ததைத் தேட ஆரம்பித்துவிடுகிறீர்கள். நான் பக்கத்தில் வந்து நின்று பார்த்ததைத் தொந்தரவாக நினைக்காமல், 'லவ், இதைப் பார்' என்று ஒரு ரெக்கார்டை எடுத்துக் காட்டினீர்கள். லேபிள் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, பாடகர் பேர் மறைக்கப்பட்டிருந்தது. பழைய காலத்து வழக்கம் என்றீர்கள். அபூர்வமான பாட்டு ஒன்று கிடைத்தால் அடுத்த டிஜே அதைத் தேடிப் பிடிக்காதிருக்க லேபிளை மறைத்து, பொய்ப் பேர் சொல்லிப் போடுவார்களாம். பிராங்க் வில்சன் என்ற பாடகரின் பாட்டே முதலில் எடி ஃபாஸ்டர் என்ற பேரில்தானே இங்கே ஓடியது என்று சிரித்தீர்கள்.

நம் வாசகர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் கதை சொல்லியாக வேண்டும். 1960களில் டெட்ராய்ட்டில் மோட்டவுன் கம்பெனி கறுப்பினப் பாடகர்களை வைத்து உலகம் முழுக்க வெற்றி கண்டது. அதே வேகம், அதே தாளம், அதே தம்புரின் ஓசையோடு அந்த ஊரிலும் சிகாகோவிலும் மற்ற நகரங்களிலும் எத்தனையோ பேர் சின்னச் சின்னக் கம்பெனிகளில் பாடினார்கள். பெரும்பாலானவை ஓடவில்லை. பத்து வருஷத்தில் அமெரிக்காவில் ரசனை மாறி, தாளம் நிதானமாகிவிட்டது. வடக்கு இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கோ பழைய வேகம்தான் வேண்டியிருந்தது. மான்செஸ்டரில் ட்விஸ்டட் வீல் என்ற கிளப் 1963 முதல் 1971 வரை இதற்குப் பேர்போன இடம். லண்டனில் சோல் சிட்டி என்று ரெக்கார்டு கடை வைத்திருந்த டேவ் கோடின், கால்பந்து பார்க்க வரும் வடக்கத்திப் பையன்கள் பழைய வேகப் பாட்டையே கேட்பதைக் கவனித்தார். அவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் சரக்குக்கு 'நார்தர்ன் சோல்' என்று அவர் வைத்த பேர் நிலைத்துவிட்டது. பாடியவர்கள் யாருக்கும் தாங்கள் நார்தர்ன் சோல் பாடுகிறோம் என்று தெரியாது.

பிராங்க் வில்சன் 1965-இல் மோட்டவுனுக்காக 'டூ ஐ லவ் யூ' பாடினார். வெளியிடுவதற்கு முன்பே, பாடகராக வேண்டாம், தயாரிப்பாளராக இருக்கட்டும் என்று முடிவாகி, அச்சடித்த ரெக்கார்டுகள் அழிக்கப்பட்டன. தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2009-இல் அதில் ஒன்று 25,742 பவுண்டுக்கு விலை போனது. குளோரியா ஜோன்ஸ் கதை இன்னொரு மாதிரி. அவர் பாடிய 'டெயின்டட் லவ்' 1965-இல் ஒரு ரெக்கார்டின் பின்பக்கத்தில் வந்து போனது, அமெரிக்காவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1973-இல் ரிச்சர்ட் சர்லிங் என்ற டிஜே அமெரிக்கா போன இடத்தில் அதைக் கண்டெடுத்து இந்தப் பக்கத்துக் கிளப்புகளில் போட்டார். லீட்ஸில் படித்த இரண்டு பேர் சேர்ந்த சாஃப்ட் செல் குழு 1981-இல் அதை மறுபடி பாடி, பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. சாஃப்ட் செல் பாட்டு உலகத்துக்கே தெரியும். நீங்கள் அன்றைக்குப் போட்டது குளோரியா ஜோன்ஸ் பாடியது. அந்தக் குரலில் இருக்கிற கோபத்துக்குப் பக்கத்தில் மற்றது நிற்காது என்பது என் தீர்ப்பு.

எங்கள் ஊர்க் கல்யாண வீட்டு ரேடியோ செட்காரரை நினைத்துக்கொண்டேன். குழாய் ஸ்பீக்கரை வேப்பமரத்தில் கட்டிவிட்டு, படம் ஓடாவிட்டாலும் பாட்டு நல்ல பாட்டு என்று தனக்குப் பிடித்ததை நாலு தெருவுக்கும் கேட்கப் போடுவார். ஓடாத படத்துப் பாட்டு எத்தனையோ அவர் புண்ணியத்தில்தான் எங்கள் காதில் விழுந்தது. நீங்கள் செய்வதும் அதே வேலை. விற்பனைக் கணக்கைக் கேட்காமல், தரையில் கால் நகர்கிறதா என்று மட்டும் பார்க்கிற வேலை.

விகன் கேசினோவைப் பற்றி அந்த ஹாலில் என்னிடம் பேசாத ஆள் இல்லை. ஜார்ஜ் ஆர்வெல் 1937-இல் புத்தகம் எழுதினாரே, அதே விகன். சுரங்கத்துக்கும் ஆலைக்கும் பேர்போன ஊர். 1973 செப்டம்பர் 23 அன்று அங்கே ஒரு பழைய நடனக் கூடத்தில் ராத்திரி ஆட்டம் தொடங்கியது. நள்ளிரவுக்குப் பின் கதவு திறக்கும், காலை எட்டு மணிக்கு மூடும். மது கிடையாது. வாரம் முழுக்க ஆலையிலும் பட்டறையிலும் நின்ற பிள்ளைகள், கையில் ஒரு பையோடு நாலா திசையிலிருந்தும் வருவார்கள். பையில் மாற்றுச் சட்டை, துண்டு, பவுடர் டப்பா. 1981 டிசம்பரில் மூடினார்கள். கட்டடமும் போய்விட்டது. வாசலில் முத்திரை குத்திய அம்மா, பதினாறு வயசில் வீட்டில் தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அங்கே போன கதையை நீங்கள் சொன்னபோது உங்கள் வீட்டுக்காரர் குறுக்கிட்டு, 'அன்றைக்கு என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனவள்' என்றார். நீங்கள், 'பாட்டு ஓடிக்கொண்டிருந்ததே' என்றீர்கள். எனக்கு அந்த ராத்திரியில் மிகவும் பிடித்த பதில் அதுதான்.

பொன்னான காலம் என்று பூசி மெழுகவும் நீங்கள் முயலவில்லை, அதற்கும் நன்றி. விடிய விடிய ஆடுவதற்கு அன்றைய பிள்ளைகள் விழுங்கிய மாத்திரைகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசினீர்கள். மருந்துக்கடைகளை உடைத்தார்கள், போலீஸ் வந்தது, சில பேர் பிழைக்கவில்லை. இன்னொரு பக்கமும் உண்டு. பாட்டுக்கு மவுசு வந்ததும் இங்கே திருட்டுத்தனமாக ரெக்கார்டு அச்சடித்து விற்றவர்கள் பாடியவருக்குக் காலணா கொடுக்கவில்லை. இன்றைக்கு ஒரு ரெக்கார்டு ஆயிரக்கணக்கில் கைமாறும்போதும் அந்தப் பணத்தில் பாடகருக்குப் பங்கில்லை. அசல் ரெக்கார்டு தவிர வேறு போட்டால் பாவம் என்கிற கட்சி உங்களுக்குள் ஒன்று இருக்கிறது. பாட்டைக் காப்பாற்றும் பக்தி என்பது எனக்குப் புரிகிறது. விலைச்சீட்டைக் காட்டும் ஆசையும் அதில் கொஞ்சம் கலந்திருக்கிறது என்றும் தோன்றுகிறது. நீங்கள் இரண்டு மறுபதிப்புகளை வெட்கப்படாமல் போட்டீர்கள். தரையில் ஒருவரும் உட்காரப் போகவில்லை.

ஆனாலும் நீங்கள் கொடுத்த பெரிய கூலி ஒன்று உண்டு. டீன் பாரிஷ் நியூயார்க்கில் பாடிய 'ஐ அம் ஆன் மை வே' 1967-இல் வந்து மறக்கப்பட்டது. விகனில் விடியற்காலையில் கடைசியாகப் போடும் மூன்று பாட்டில் அது ஒன்று என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அவருக்குத் தெரிய வந்தது. பிறகு கடல் தாண்டி வந்து உங்கள் கூட்டத்துக்கு முன்னால் பாடினார். முன்பே மேஜர் லான்ஸ் என்ற பாடகர் ஸ்டோக் பக்கத்து டார்ச் கிளப்பில் பாடியதை அங்கேயே பதிவு செய்து ரெக்கார்டாக வெளியிட்டார்கள். சொந்த ஊர் மறந்த பாடகருக்கு, முகம் தெரியாத ஓர் ஊரில் ஆயிரம் பேர் தன் பாட்டின் ஒவ்வொரு மூச்சையும் மனப்பாடமாக வைத்திருப்பது தெரிய வந்தால் எப்படி இருந்திருக்கும்!

அந்த ஹாலில் என் நிறத்தில் நான் ஒருத்திதான். ஸ்பீக்கரில் பாடியவர்கள் பெரும்பாலும் கறுப்பர்கள், ஆடியவர்கள் எல்லாரும் வெள்ளையர்கள். பலருடைய பையில் மூடிய கறுப்பு முஷ்டி தைத்த வட்டச் சின்னம் இருந்தது. அமெரிக்கக் கறுப்பர்களின் உரிமைப் போராட்டத்தில் உயர்ந்த கை அது. தெரிந்துதான் தைத்திருக்கிறீர்களா என்று ஒரு பெரியவரிடம் கேட்டே விட்டேன். அவர் சற்று யோசித்தார். 'பதினேழு வயசில் அழகாக இருக்கிறது என்று தைத்தேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் பிரிக்க மனசு வரவில்லை' என்றார். நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆட்டம் கற்றுக்கொடுத்த அக்காவுக்குத் தனியாக ஒரு வரி. சிவப்புப் பாவாடை, வெள்ளை முடி, காதில் சிறிய வளையம். மேஜையோரம் நின்று காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த என்னை நீங்கள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்று, 'காலைப் பார்க்காதே, டிரம்மைக் கேள். ஒவ்வொரு அடிக்கும் விழுகிறது பார்' என்றீர்கள். இடது பக்கம் நாலு, வலது பக்கம் நாலு. அவ்வளவுதான் பாடம். பிறகு உங்கள் இடத்துக்குப் போய்விட்டீர்கள், நான் சரியாக ஆடுகிறேனா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்யாண வீடுகளிலும் கலை நிகழ்ச்சிகளிலும், ஆடுகிற பெண்ணின் மேல் எத்தனை கண் இருக்கும் என்பது எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். இங்கே எல்லாருடைய கண்ணும் பாதி மூடியிருந்தது. சங்கடப்பட ஆள் தேடினாலும் கிடைக்கவில்லை. என் ராத்திரிகள் பெரும்பாலும் வார்டில் மணி ஒலிப்பதைக் கேட்டு ஓடுவதில் கழிகின்றன. யாரும் என்னைக் கூப்பிடாத, நானும் யாரையும் கவனிக்க வேண்டியிராத ஒரு ராத்திரி எனக்கு இப்படி அமையும் என்று நினைத்ததில்லை.

பத்து மணிக்கு சாப்பாடு வந்தது. கறி அடைத்த 'பை' என்கிற பலகாரமும் மசித்த பட்டாணியும். நான் மாட்டுக்கறி சாப்பிடுவதில்லை என்று தோழி சொல்லி வைத்திருந்தாள் போலிருக்கிறது; சீஸும் வெங்காயமும் அடைத்த பை ஒன்று என் பேர் எழுதிய காகிதத்தோடு தனியாக வந்தது. பேரில் எழுத்துப் பிழை இருந்தது. பை நன்றாக இருந்தது. பட்டாணியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

2023-இல் பிபிசி, ராயல் ஆல்பர்ட் ஹாலில் பெரிய வாத்தியக் குழுவை வைத்து இந்தப் பாட்டுகளை வாசித்தது. அந்த நிகழ்ச்சியைப் பிறகு பார்த்தேன். நல்ல மரியாதைதான். ஆனால் பிங்கோ பலகைக்குக் கீழே, கீறல் விழுந்த ரெக்கார்டில், தாழ்ந்த கூரைக்கு அடியில் கேட்டவர்களுக்கு வயலின் கூட்டம் தேவைப்படாது. உங்கள் ஹாலில் இருபது வயசுக்காரிகள் ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். பாட்டி பாவாடையையே போட்டுக்கொண்டு வந்ததாக ஒருத்தி சொன்னாள். செய்தித்தாளையோ பெரிய மேடையையோ பார்த்து வந்தவர்கள் அல்ல அவர்கள். வீட்டுச் சமையலறையில் பாட்டி ஆடியதைப் பார்த்து வந்தவர்கள்.

கடைசி மூன்று பாட்டாக விகனில் போட்ட அதே மூன்றையும் போட்டீர்கள்: ஜிம்மி ராட்க்ளிஃப், டோபி லெஜண்ட், டீன் பாரிஷ். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஒருவர் கைத்தடியை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். நர்ஸாக நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமைக்கு எனக்கு ராத்திரி டியூட்டி போட்டிருந்தார்கள். ஒரு தோழியோடு மாற்றிக்கொண்டேன். என்னோடு திருச்சிக்காரி ஒருத்தியும் கோட்டயத்துப் பெண்கள் இரண்டு பேரும் வருகிறார்கள். தோல் அடி வைத்த ஷூ வாங்கியாகிவிட்டது. பவுடர் டப்பா எங்களிடமே உண்டு, ஊரிலிருந்து வந்தது, சந்தன வாசனை அடிக்கும், தரைக்கு ஆகுமா என்று அந்தத் தாத்தாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். வெள்ளைத்தாள் ஒட்டிய அந்த ரெக்கார்டை மறுபடி போடுங்கள் ஐயா. பேரை மட்டும் சொல்லாதீர்கள், நானே தேடிப் பார்க்கிறேன். சீஸ் வெங்காயப் பை நாலு.

அன்புடன்,
எலும்பு வார்டிலிருந்து உங்கள் புது ஆட்டக்காரி